கவுண்டர் ஸ்ட்ரைக் ஃபோல்டருக்குள் இருந்த இன்னொரு கேம்: ஹாஃப்-லைஃப் 25

குகைக்காரன்
18 நவம்பர் 2023, இரவு 9.42

நாளைக்கு ஹாஃப்-லைஃப் வெளியாகி 25 வருஷம். 1998 நவம்பர் 19. அதைச் செஞ்ச வால்வ் கம்பெனி நேத்து அதுக்கு ஒரு பெரிய அப்டேட் விட்டிருக்காங்க. 20ஆம் தேதி வரைக்கும் அவங்களோட இணையக் கேம் கடையான ஸ்டீம்ல இலவசம். அதுக்குள்ள எடுத்து வெச்சுக்கிட்டா நிரந்தரமா உங்களுக்குத்தான். முதல்ல அதைச் செஞ்சுட்டு வந்து மீதியைப் படிங்க.

2004. எனக்குப் பதினாறு வயசு. சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு மாடியில எட்டு சிஸ்டம் போட்ட கேமிங் சென்டர், மணிக்கு 15 ரூபாய். எல்லாரும் ஆடறது கவுண்டர் ஸ்ட்ரைக்ங்கற துப்பாக்கிச் சண்டை கேம். ஐஸ் வேர்ல்ட், டஸ்ட் 2, இத்தாலி. இந்த மூணு மேப்பைத் தவிர வேற ஊரே எங்களுக்குத் தெரியாது. ஒரு நாள் நான் உக்கார்ந்த சிஸ்டத்துல ஐகான் வேலை செய்யல. கடைக்கார அண்ணன் டீ குடிக்கப் போயிருந்தார். நானே ஃபோல்டரைத் திறந்து தேடினேன். கவுண்டர் ஸ்ட்ரைக்னு பேர் போட்ட ஃபைல் ஒன்னுகூட இல்ல. 'எச்எல்'னு ஒரே ஒரு இஎக்ஸ்இ. பக்கத்துல 'சிஸ்ட்ரைக்'னு ஒரு ஃபோல்டர், 'வால்வ்'னு ஒரு ஃபோல்டர். எச்எல்லை அழுத்தினேன். நான் பார்க்காத ஒரு மெனு வந்தது. நியூ கேம் கொடுத்தேன்.

ஒரு வண்டி. தண்டவாளத்துல தொங்கிக்கிட்டே பூமிக்கு அடியில போகுது. கையில துப்பாக்கி இல்ல. சுடறதுக்கு ஆளும் இல்ல. ஜன்னல் வழியாப் பார்க்கலாம், வண்டிக்குள்ள நடக்கலாம், அவ்வளவுதான். வெளியில இயந்திரங்கள் சரக்கு தூக்குது, ஒரு காவலாளி பூட்டின கதவைத் தட்டிக்கிட்டு நிக்கிறார், ஒரு பொண்ணு குரல் ஒலிபெருக்கியில ஏதோ அறிவிக்குது. அஞ்சு நிமிஷம் கிட்ட இப்படியே. பக்கத்துல பசங்க ஹெட்ஷாட்டுன்னு கத்திக்கிட்டு இருந்தாங்க. எனக்கு எதுவும் கேக்கல.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இது தெரிஞ்ச அனுபவம்தான். ஏற்காடு பஸ்ல அடிவாரத்துலயே ஜன்னல் சீட்டு கிடைச்சா, 20 கொண்டை ஊசி வளைவு முடியற வரைக்கும் நாம செய்ய வேண்டியது ஒன்னுமில்ல. ஒவ்வொரு வளைவுக்கும் சேலம் சின்னதாகும், காத்து மாறும், சில்வர் ஓக் மரத்துல மிளகுக்கொடி ஏறியிருக்கறது தெரியும். மேல இறங்கறப்ப அது எப்பேர்ப்பட்ட ஊருன்னு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. அந்த ட்ராமும் அப்படித்தான். ஆனா அது கீழ்நோக்கிப் போகும்.

கடைசி வரைக்கும் கதையைப் பூரா என் கண்ணாலயே பார்த்தேன். நடுவுல கேமராவைப் பிடுங்கி, 'நீ ஓரமா உக்காரு, நாங்க படம் காட்டறோம்'னு அந்த கேம் சொல்லவே இல்ல. எனக்கு அது விட்டுப்போனது இதுதான். உங்களுக்கு என்ன? எழுதுங்க.


ஆத்தூர்_2009
18 நவம்பர் 2023, இரவு 10.15

அண்ணா, நான் பத்து வருஷம் கவுண்டர் ஆடியிருக்கேன். அது ஹாஃப்-லைஃப்ல இருந்து வந்ததுன்னு இப்பதான் தெரியுது. அந்த எச்எல் ஃபைலை நானும் பார்த்திருக்கேன், அது என்னன்னு யோசிச்சதே இல்ல.

இப்ப தேடிப் படிச்சேன். மின் லீ, ஜெஸ் கிளிஃப்னு ரெண்டு பேர் ஹாஃப்-லைஃபை மாத்தி கவுண்டரைச் செஞ்சிருக்காங்க. 1999 ஜூன்ல முதல் பீட்டா, அதாவது சோதனைப் பதிப்பு. காசுக்கு இல்ல, ஆசைக்குச் செஞ்சு இணையத்துல சும்மா விட்டிருக்காங்க. மறு வருஷமே வால்வ் அவங்களைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கிட்டு, 2000 நவம்பர்ல கடைக்குக் கொண்டுவந்திருக்கு. போன செப்டம்பர்ல கவுண்டர் ஸ்ட்ரைக் 2 வந்தது. அப்ப இதோட வேர் அந்த ட்ராம்லதான் இருக்குதா! டவுன்லோடு போட்டுட்டேன்.


சூரமங்கலம்_டூம்
18 நவம்பர் 2023, இரவு 11.03

தம்பிகளுக்கு வணக்கம். நான் உங்களை எல்லாம் விட வயதில் மூத்தவன். 1995இல் கல்லூரி லேபில் ஃப்ளாப்பி டிஸ்க்கில் வந்த டூம் ஆடிய தலைமுறை. ஹாஃப்-லைஃப் எனக்கும் பிடிக்கும். ஆனால் பேரன் புகழைப் பாடும்போது பாட்டன் பெயரை விட்டுவிடக் கூடாது.

1993இல் டூம் வந்தபோதே அதன் நிரலாளர் ஜான் கார்மாக் ஒரு காரியம் செய்தார். கேமை ஓட்டும் இயந்திரம் வேறு, அதற்குள் வரும் மேப், படம், சத்தம் எல்லாம் வேறு என்று பிரித்து, இரண்டாவதை 'வாட்' என்ற தனி ஃபைலில் வைத்தார். யார் வேண்டுமானாலும் அந்த ஃபைலை மாற்றிப் போட்டுத் தன் மேப்பை ஆடலாம். 1996இல் அவர்களின் அடுத்த கேமான குவேக் வந்தபோது கேமின் விதிகளையே மாற்றும்படி ஒரு சின்ன நிரல்மொழியையும் கொடுத்தார்கள். டீம் ஃபோர்ட்ரஸ் என்ற குழுச் சண்டை கேம் அதில் பிறந்தது. அதைச் செய்த பையன்களைத்தான் வால்வ் பிறகு வேலைக்கு எடுத்தது. ஹாஃப்-லைஃப் ஓடுவதே குவேக் எஞ்சினை வாங்கித் திருத்தி எழுதிய எஞ்சினில்தான். 1994இல் சிஸ்டம் ஷாக் என்று ஒரு கேம் வந்தது. விண்வெளி நிலையத்தில் தனி மனிதன், அவனோடு பேசும் தீய கணினி, கதை முழுதும் நடந்துகொண்டே தெரிந்துகொள்வது. அறிவியல் புனைகதையை இந்த வகை கேமில் ஆழமாகச் சொன்னது அது. விற்பனையில்தான் பின்தங்கியது.

எனவே 'முதல்' என்ற சொல்லை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுவோம். மற்றபடி நீங்கள் சொல்லும் கண் பார்வை விஷயம் முழுக்கச் சரி. டூமில் ஒரு லெவல் முடிந்தால் எத்தனை பேரைக் கொன்றாய் என்று கணக்குத்தாள் வரும். ஹாஃப்-லைஃபில் அது கிடையாது. 'லோடிங்' என்று ஒரு நொடி நிற்கும், அதே தாழ்வாரத்தில் அடுத்த அடி எடுத்து வைப்போம். முழுக் கதையும் ஒரே நடை.


குகைக்காரன்
18 நவம்பர் 2023, இரவு 11.20

அண்ணா சொல்றது சரி, 'முதல்'ங்கற வார்த்தையை நான் சொல்லலைன்னாலும் அந்தத் தொனி இருந்துச்சு. ஒன்னு மட்டும் சேர்க்கறேன். ஹாஃப்-லைஃப் சிடியிலயே மேப் கட்டற வேர்ல்ட்கிராஃப்ட் இருந்தது. வால்வ் ஆட்கள் எந்தக் கருவியில கதை நடக்கற பிளாக் மெசா ஆராய்ச்சி நிலையத்தைக் கட்டினாங்களோ, அதே கருவி. நம்ம கொலுசுப்பட்டறை அண்ணன் அதுல மேப் போட்டவர். அண்ணா, வந்து எழுதுங்க.


கொலுசுப்பட்டறை
19 நவம்பர் 2023, காலை 6.50

தம்பி கூப்பிட்டதுக்கு அப்புறம் தூக்கம் வரல. எழுதியே ஆகணும்.

எங்க வீடு செவ்வாய்ப்பேட்டையில. கீழ பட்டறை, மேல குடியிருப்பு. 2002ல செலரான் சிஸ்டம் ஒன்னு வாங்கினோம், 128 எம்பி ரேம். ஹாஃப்-லைஃபை முடிச்ச கையோட வேர்ல்ட்கிராஃப்டைத் திறந்தேன். நாலு கட்டமாப் பிரிஞ்ச திரை. மேல இருந்து, முன்னால இருந்து, பக்கவாட்டுல இருந்து, அப்புறம் உள்ள இருந்து பார்க்கற மாதிரி. எனக்குத் தெரிஞ்ச இடம் எங்க சந்துதான். அதையே கட்டினேன்.

அளவு எடுக்க அப்பாவோட டேப்பைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சேன். அந்த கேம்ல ஆள் நின்னா உயரம் 72 அலகு, அகலம் 32. உக்கார்ந்தா 36. ஒரு அலகு ஒரு அங்குலம்னு வெச்சு அடிக்கு 12 போட்டுக் கட்டினேன். உள்ள போய் நின்னா நடக்க முடியல. பட்டறைக் கதவுல தோள் இடிக்குது, தாழ்வாரத்துல திரும்ப முடியல. நிஜத்துல அந்த இடத்துல அஞ்சு பேர் உக்கார்ந்து கொலுசு கோக்கறாங்க! திரையில பார்க்கறப்ப ஓரக்கண் பார்வை கிடையாது, உடம்பை ஒருக்களிக்க முடியாது, அதனால நிஜ அளவு நெருக்கமாத் தெரியும்னு மெதுவாத்தான் புரிஞ்சது. அடிக்கு 16 அலகுன்னு மாத்திப் பூராவும் மறுபடியும் கட்டினேன். சந்து சரியா வந்தது. ஆனா ஒரு விஷயம் நடந்துச்சு. 72 அலகு ஆள் இப்ப நாலரை அடிதான். எங்க சந்தை நான் பத்து வயசுல பார்த்த உயரத்துல இருந்து பார்த்தேன்.

திண்ணைப் படி 14 அங்குலம். புது அளவுல 19 அலகு ஆயிடுச்சு. அந்த எஞ்சின்ல 18 அலகு வரைக்கும்தான் கால் தானா ஏறும். அதுக்கு மேல போனா குதிக்கணும். எங்க வீட்டுக்குள்ள போக எல்லாரும் குதிச்சாங்க. நான் அதைக் குறைக்கல. படி 14 அங்குலம்னா 14 அங்குலம்தான்.

கட்டி முடிச்சா மட்டும் போதாது, கம்பைல் பண்ணணும், அதாவது கேம் படிக்கற ஃபைலா மாத்தணும். நாலு கட்டம். சுவர்களை வெட்டிச் சேர்க்கறது ஒன்னு, இடத்தைக் கூறு போடறது ஒன்னு, எந்த இடத்துல நின்னா எது எது தெரியும்னு கணக்குப் போடறது ஒன்னு, வெளிச்சம் எங்க பட்டு எங்க திரும்புதுன்னு கணக்குப் போடறது ஒன்னு. மூணாவது கட்டத்துக்கு மேப் முழுக்க மூடியிருக்கணும், தண்ணித் தொட்டி மாதிரி. ஒரு அலகு இடுக்கு இருந்தாலும் 'லீக்'னு சொல்லி நிறுத்திடும். எங்க ஓட்டைன்னு காட்ட ஒரு கோடு போட்டுத் தரும். விளக்குல ஆரம்பிச்சு, அறை அறையா வளைஞ்சு, ஓட்டை வழியா வெளியில போற கோடு. எங்க மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர்ல இருந்த இடுக்கை மூணு நாள் தேடினேன். ராத்திரி கம்பைல் போட்டுட்டுப் படுத்தா காலையில முடிஞ்சிருக்கும். நடுவுல கரண்ட் போனா முதல்ல இருந்து.

இப்ப நான் கட்டட வரைபடம் போடற வேலையில இருக்கேன். ஒரு வீட்டை மேல இருந்தும் முன்னால இருந்தும் பக்கத்துல இருந்தும் ஒரே நேரத்துல மனசுல பார்க்கற பழக்கம் எனக்கு எங்கயும் சொல்லித் தரப்படல. வேர்ல்ட்கிராஃப்டோட நாலு கட்டத்துல வந்தது. அந்த சிடியில கருவியை வெச்சு அனுப்பினவங்களுக்கு நான் கடன்பட்டிருக்கேன்.


ஓமலூர் டீச்சர்
19 நவம்பர் 2023, காலை 9.10

கொலுசுப்பட்டறை அவர்களே, நெகிழ்ந்துபோனேன். என் பக்கத்தையும் சொல்கிறேன்.

நான் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் எடுப்பவள். அந்தப் பெயரை யாரும் பேசவில்லையே என்று இருந்தது. ஹாஃப்-லைஃப் என்றால் நம் பாடப்புத்தகத்தில் 'அரை ஆயுட்காலம்'. கதிரியக்கப் பொருளில் இருக்கும் அணுக்கருக்களில் பாதி சிதைய ஆகும் நேரம். அயோடின் 131க்கு 8 நாள், கார்பன் 14க்கு 5730 ஆண்டு. கேமின் அடையாளமாக ஆரஞ்சு நிறத்தில் ஓர் எழுத்து வருமே, அது கிரேக்க லாம்டா. சிதைவு மாறிலிக்கு நாம் போடும் குறி. 0.693ஐ லாம்டாவால் வகுத்தால் அரை ஆயுட்காலம். கதாநாயகன் கார்டன் ஃப்ரீமேன் 27 வயதுக்காரன், கோட்பாட்டு இயற்பியலில் முனைவர் பட்டம் முடித்தவன். பின்னால் வந்த துணைக் கதைகளின் பெயர்களும் இயற்பியல்தான். எதிர்விசை ஒன்று, நீலப் பெயர்ச்சி ஒன்று, சிதைவு ஒன்று. நீலப் பெயர்ச்சி, அதாவது 'ப்ளூ ஷிஃப்ட்' என்பதில் இரட்டைப் பொருள் உண்டு. அதில் நாம் நீலச் சீருடைக் காவலாளி, ஷிஃப்டுக்கு வருகிறவர். குகைக்காரன் ட்ராமிலிருந்து பார்த்த, கதவைத் தட்டிக்கொண்டிருந்த அதே ஆள்!

கேமில் பச்சைக் கழிவுக் குட்டையை நெருங்கினால் டிக் டிக் என்று சத்தம் நெருக்கமாகும். கைகர் எண்ணி. கதிர்வீச்சு குழாய்க்குள் இருக்கும் வாயுவை அயனியாக்குகிறது, ஒவ்வொரு துடிப்பும் ஒரு சொடுக்கு. எங்கள் பள்ளியில் அந்தக் கருவி இல்லை. மூன்று ஆண்டுகளாக லேப்டாப்பில் அந்த இடத்தை ஓட்டிக் காட்டித்தான் அந்தப் பாடத்தைத் தொடங்குகிறேன். குட்டையிலிருந்து ஓரடி விலகினால் சத்தம் எப்படிக் குறைகிறது என்று பிள்ளைகளே சொல்லிவிடுகிறார்கள்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. 2001இல் என் தம்பியும் நானும் இதை ஆடினோம். இருவரும் தமிழ் மீடியம். வசனத்தில் கால்வாசி புரிந்திருந்தால் அதிகம். அந்த நாளில் வேறு கேம்கள் எங்களைப் பாதியில் நிறுத்தின. 'குறிக்கோள்' என்று ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதி நீட்டுவார்கள், அகராதியோடு உட்கார வேண்டும். இதில் அது இல்லை. முதலில் கையில் கிடைப்பது கடப்பாரை. எதிரே கண்ணாடிக் கதவு. என்ன செய்ய வேண்டும் என்று யார் சொல்ல வேண்டும்? ஒரு கதவு விஞ்ஞானியின் கண்ணைக் காட்டினால்தான் திறக்கும். அவரைக் கூட்டிப்போக வேண்டும், அதுவரை அவர் சாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதையும் யாரும் எழுதிக் காட்டவில்லை. ஒருவரைக் கோட்டைவிட்டு, கதவு முன் நின்றபோது நாங்களே கண்டுபிடித்தோம்.

எல்லாவற்றுக்கும் நாங்கள் தமிழில் பெயர் வைத்துக்கொண்டோம். தலைமேல் பாய்ந்து கவ்வும் ஹெட்கிராப் எங்களுக்கு 'உரிச்ச கோழி'. கூரையிலிருந்து நாக்கை விட்டுத் தூக்கும் பார்னகிள் 'தொங்குநாக்கு'. கையிலிருந்து மின்னல் விடும் வோர்டிகான்ட் 'கரண்ட்காரன்'. கதாநாயகன் கேம் முழுக்க ஒரு வார்த்தை பேசுவதில்லை. அதனால் அவன் ஆங்கிலம் பேசுகிறவன் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. எனக்கு இதைவிடப் பெரிதாக அந்த கேம் எதையும் விட்டுப்போகவில்லை.


ஏற்காடு_20ஆம்_வளைவு
19 நவம்பர் 2023, மதியம் 12.35

டீச்சர், 'உரிச்ச கோழி' சூப்பர். இனிமே எனக்கும் அதே பேர்தான்.

எனக்கு வயசு 20. லூப் ரோடு பக்கம் எஸ்டேட் குவார்ட்டர்ஸ்ல வீடு. இங்க காலையில இருந்து பனிமூட்டம், வெளிய போக முடியல. நேத்து இந்த இழையைப் பார்த்துட்டு இறக்கினேன். டிஸ்க்குல இடமே அடைக்கல, பழைய லேப்டாப்ல தண்ணி மாதிரி ஓடுது. பெட்டி பெட்டியா இருக்கற கிராஃபிக்ஸ் முதல் அரை மணி நேரம் உறுத்துச்சு. அப்புறம் மறந்துட்டேன். ஆரம்பத்துல சாப்பாட்டு அறை மைக்ரோவேவை அழுத்திக்கிட்டே இருந்தேன், உள்ள இருந்த சாப்பாடு வெடிச்சுப்போச்சு, ஒரு விஞ்ஞானி திட்டினார்!

இப்ப மாட்டிக்கிட்டு நிக்கறேன். ஒரு ஆழமான உருளை மாதிரி இடம். அடியில இருந்து மூணு பச்சைக் கை, நுனியில அலகு மாதிரி, இரும்புத் தளத்தைக் கொத்துது. எவ்வளவு சுட்டாலும் சாகல. ரவை தீர்ந்துபோச்சு. யாராவது வழி சொல்லுங்க, ஆனா முழுசாச் சொல்லிடாதீங்க.


குகைக்காரன்
19 நவம்பர் 2023, மதியம் 12.50

தம்பி, அதுக்குக் கண்ணு இல்ல. இவ்வளவுதான் சொல்வேன்.

மைக்ரோவேவைப் பத்தி ஒன்னு. ஹாஃப்-லைஃப் 2 கதையோட தொடர்ச்சியா 2007ல வந்த எபிசோட் டூவுல மேக்னஸன்னு ஒரு விஞ்ஞானி அந்தச் சாப்பாட்டு விஷயத்தை இன்னும் மனசுல வெச்சுக்கிட்டு கார்டன்கிட்ட குத்திக் காட்டுவார். ஒன்பது வருஷம் கழிச்சு!


ஏற்காடு_20ஆம்_வளைவு
19 நவம்பர் 2023, மதியம் 1.40

புரிஞ்சுது! உக்கார்ந்து தவழ்ந்தா கண்டுக்கல. வெடிகுண்டை எதிர்ப் பக்கம் எறிஞ்சா மூணும் அந்தப் பக்கம் போய்க் கொத்துது. அந்த நேரத்துல ஏணியில இறங்கினேன். மேல ஒரு ராக்கெட் எஞ்சின் தொங்குது. எரிபொருள், ஆக்ஸிஜன், கரண்ட் மூணையும் திறந்துவிட்டுட்டு வந்து பட்டனை அழுத்தினா அடியில இருக்கறது மொத்தமும் கருகிப்போச்சு. கடைசி பத்து நிமிஷம் நான் நிஜமாவே மூச்சை அடக்கிக்கிட்டு இருந்தேன். ராத்திரி காட்டு வழியிலகூட நான் அப்படி நடந்ததில்ல.


சூரமங்கலம்_டூம்
19 நவம்பர் 2023, மதியம் 1.58

அதுதான் அந்த கேமின் சாதனை, தம்பி. அதுவரை அரக்கன் என்றால் பார்ப்பான், வருவான், சாவான். இதில் சிலதுக்குக் காது உண்டு, சிலதுக்கு மோப்பமே உண்டு. இராணுவத்தினர் வரும்போது இன்னும் கவனி. ஒருவன் உன்னைச் சுட்டு நிறுத்தி வைப்பான், இன்னொருவன் பக்கவாட்டில் வருவான். மறைவில் பதுங்கினால் வெடிகுண்டை உருட்டிவிடுவார்கள். 1998இல் அதைக் கண்டு நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

இனி உலகக் கோப்பை கிரிக்கெட் ஃபைனல் பார்க்கப் போகிறேன்.


ஆத்தூர்_2009
20 நவம்பர் 2023, இரவு 8.05

நேத்து ஃபைனல்ல இந்தியா தோத்த பிறகு இங்க ஒருத்தரும் எழுதல. எனக்கும் மனசு வரல. இன்னிக்குச் சாயங்காலம் உக்கார்ந்து அந்த இராணுவக் கட்டத்தை முடிச்சேன்.

அதுக்கு முன்னாடி வரைக்கும் ஒவ்வொரு விஞ்ஞானியும், 'மேல இருந்து மீட்க ஆள் வர்றாங்க'ன்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க. நானும் நம்பிக்கிட்டே போனேன். ஒரு கிடங்கு மாதிரி இடத்துல, என் கண்ணு முன்னால, ஒரு விஞ்ஞானி 'தப்பிச்சோம்'னு சந்தோஷமா அந்த சிப்பாய்கிட்ட ஓடறார். அவன் அவரைச் சுட்டுத் தள்றான். நான் எந்தப் பக்கம் வேணும்னாலும் திரும்பியிருக்கலாம், அந்த நேரம் சுவரைப் பார்த்துக்கிட்டு நின்னிருந்தா அது தெரிஞ்சே இருக்காது. பார்த்ததனால அது எனக்கு நடந்த மாதிரி இருக்கு. நான் பத்து வருஷமா ஆடின கவுண்டர்ல, எதிர்ல இருக்கறவன் ஏன் எதிரின்னு ஒரு நாளும் யோசிச்சதில்ல.


சூரமங்கலம்_டூம்
20 நவம்பர் 2023, இரவு 9.30

எல்லோரும் நன்றாகச் சொல்லிவிட்டதால் குறையைச் சொல்லும் பொறுப்பு எனக்கு.

கடைசியில் ஸென் என்ற வேற்றுலகம் வரும். மிதக்கும் பாறைகளில் தாவித் தாவிப் போக வேண்டும். முந்தைய பகுதிகளின் கவனம் அங்கே இல்லை. பிளாக் மெசா என்ற பெயரில் ரசிகர்கள் இந்த கேமை முழுதாகத் திரும்பக் கட்டினார்கள். 2012இல் முதல் பகுதிகளை வெளியிட்டவர்கள், ஸென்னைச் சரி செய்து முடித்த முழு வடிவத்தை 2020இல்தான் தந்தார்கள். அந்த ஒரு பகுதி எவ்வளவு பலவீனமாக இருந்தது என்பதற்கு அந்த எட்டு ஆண்டு உழைப்பே சாட்சி.

இன்னொன்று இதைவிடப் பெரியது. ஹாஃப்-லைஃப் ஒற்றைத் தாழ்வாரம்தான். டூமில் வழி தேடித் தொலைந்து திரும்பி வருவோம், சாவிக்காக அலைவோம். இதில் போகும் திசை ஒன்றே. அது மறைவாக, நம்மை நம்ப வைத்து நடந்தது. பின்னால் வந்த எத்தனையோ போர் கேம்கள் அந்தத் தாழ்வாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டன. கேமராவைப் பிடுங்குவது, வழிகாட்டி அம்புக்குறி போடுவது, 'என் பின்னால் வா' என்று கத்துவது எல்லாம் திரும்ப வந்துவிட்டன. டீச்சரும் தம்பியும் அகராதி இல்லாமல் ஆடினார்களே, அதை அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. இதையும் இந்த கேம் விட்டுப்போனதில்தான் சேர்க்க வேண்டும்.


ஓமலூர் டீச்சர்
20 நவம்பர் 2023, இரவு 10.12

அண்ணா, ஸென் பற்றி ஒத்துக்கொள்கிறேன். நாங்களும் அங்கேதான் சலித்தோம். ஆனால் தாழ்வாரத்தின் பழியை இதன் மேல் போடாதீர்கள்.

அந்த நம்பிக்கை எப்படி வந்தது என்று பாருங்கள். 1997இல் வெளியாக வேண்டிய கேம் இது. செய்து பார்த்தார்கள், அங்கங்கே நன்றாக இருந்தது, மொத்தமாக நன்றாக இல்லை. வெளியிட்டிருந்தால் விற்றிருக்கும். அதைச் செய்யாமல், இருந்ததிலேயே நல்ல துண்டுகளை ஒரே லெவலில் திரட்டி, அது ஏன் நன்றாக இருக்கிறது என்று உட்கார்ந்து பேசி, மற்ற எல்லாவற்றையும் அதன் தரத்துக்குத் திரும்பக் கட்டினார்கள். எழுதுபவர், வரைபவர், நிரலாளர் எல்லோரும் ஒரு மேசையில். வெளியாள் ஒருவரை ஆட வைத்து, கட்டியவர் பின்னால் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து குறிப்பெடுக்க வேண்டும். மாட்டிக்கொண்டாலும் உதவக்கூடாது. கென் பேர்ட்வெல் என்ற வால்வ் ஊழியர் 1999இல் இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

நான் அதை வகுப்பில் செய்து பார்த்தேன். ஒரு கணக்கைப் பலகையில் போட்டுவிட்டு, பிள்ளை மாட்டிக்கொண்டு நிற்கும்போது பேசாமல் நிற்பது எவ்வளவு கடினம் தெரியுமா? எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்து, மறுநாள் என் பாடத்தை மாற்றுகிறேன். பிறர் தாழ்வாரத்தை நகலெடுத்தார்கள் என்றால், இந்தப் பொறுமையை அவர்கள் நகலெடுக்கவில்லை, அவ்வளவுதான்.


சூரமங்கலம்_டூம்
20 நவம்பர் 2023, இரவு 10.25

ஏற்கிறேன் அம்மா. 'பொறுமையை நகலெடுக்கவில்லை' என்பது என் வாதத்தைவிடச் சரியாக இருக்கிறது. ஸென்னை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.


ஆத்தூர்_2009
20 நவம்பர் 2023, இரவு 10.40

மூணாவது பாகம் வருமாண்ணா?


குகைக்காரன்
20 நவம்பர் 2023, இரவு 10.52

எபிசோட் டூ 2007ல கதையை நடு ஆத்துல விட்டுட்டுப் போச்சு. 2020ல வந்த அலிக்ஸ் அதுக்கு முந்தின காலத்துக் கதை, தலையில மாட்டற விஆர் கருவி இருந்தாத்தான் ஆட முடியும், கடைசியில கதையை ஒரு அடி மட்டும் நகர்த்திச்சு. நான் காத்திருக்கேன். நீ முதல்ல 2004ல வந்த ரெண்டாவதை ஆடு.


கொலுசுப்பட்டறை
22 நவம்பர் 2023, இரவு 11.15

அட்டாலியில ஏறி ரெண்டு நாள் தேடினேன். 2003ல எழுதின சிடி கிடைச்சது. பாதி ஃபைல் படிக்கல, ஆனா மேப் ஃபைல் முழுசா இருக்கு. இழையோட முதல் பக்கத்துல இணைச்சிருக்கேன். 'வால்வ்' ஃபோல்டருக்குள்ள 'மேப்ஸ்'ல போட்டு, கன்ஸோல்ங்கற கட்டளைத் திரையைத் திறந்து மேப்னு அடிச்சு சந்து பேரைக் கொடுங்க. எதிரிங்க யாரும் இல்ல. சத்தம் மட்டும் வெச்சிருக்கேன், பட்டறைக்குள்ள போனா சுத்தியல் கேக்கும். வெள்ளி உருக்கற அடுப்புக்கு ஆரஞ்சு வெளிச்சம். சாயங்காலம் நாலு மணி வெயில் போட முயற்சி பண்ணினேன், மேற்குச் சுவர்ல மட்டும் சரியா வந்தது.


ஏற்காடு_20ஆம்_வளைவு
23 நவம்பர் 2023, காலை 7.20

அண்ணா, உள்ள போயிட்டு வந்தேன். நான் செவ்வாய்ப்பேட்டைக்கு ரெண்டு தடவைதான் வந்திருக்கேன், அம்மா கொலுசு மாத்தறதுக்காக. அடுப்பு வெளிச்சம் எதிர்ச் சுவர்ல விழறது அவ்வளவு நல்லா இருக்கு. மொட்டை மாடிக்கும் போனேன், கைப்பிடிச் சுவர் ஓட்டை அடைச்சிருக்கீங்க.

திண்ணைப் படியில நீங்க சொன்ன மாதிரி நின்னுட்டேன். குதிச்சுத்தான் ஏறினேன். ஒரே ஒரு சந்தேகம். போன வருஷம் அந்தப் பக்கம் வந்தப்ப எந்த வீட்டு வாசல்லயும் அவ்வளவு உயரமான படி பார்த்த ஞாபகம் இல்லையே?


கொலுசுப்பட்டறை
23 நவம்பர் 2023, காலை 8.05

நீ பார்த்தது சரிதான் தம்பி. இந்த இருபது வருஷத்துல பழைய ரோட்டைச் சுரண்டாம அதுமேலயே நாலஞ்சு தடவை ரோடு போட்டாங்க. தெரு ஏறிக்கிட்டே வந்தது, படி அப்படியே நின்னது. காலையில உன் பதிவைப் பார்த்துட்டு டேப்பை எடுத்துக்கிட்டுப் போய் அளந்தேன். இப்ப 5 அங்குலம்.

அடிக்கு 16 கணக்குல 7 அலகு. குதிக்க வேண்டியதே இல்ல, கால் தானா ஏறும். மேப்ல மாத்தப் போறதில்ல.